ஃபாண்டானா ஏரியின் அக்கரைக் கல்லறைகள்: ஒரு படகுச் சேவையின் மதிப்புரை

அமெரிக்காவின் வட கரோலினா மாநிலத்தில், கிரேட் ஸ்மோக்கி மலைகளின் தெற்கு விளிம்பை ஒட்டி, ஃபாண்டானா ஏரி வளைந்து நெளிந்து கிடக்கிறது. அந்த ஏரியின் வடகரைக் காட்டுக்குள், ஓடைகளுக்கு மேலுள்ள மேடுகளிலும் மலைமுதுகுகளிலும், இருபதுக்கும் மேற்பட்ட பழைய இடுகாடுகள் இருக்கின்றன. அவற்றுள் பெரும்பாலானவற்றுக்குக் கார் போகும் சாலை கிடையாது. அங்கே புதைக்கப்பட்டவர்களின் பிள்ளைகளையும் பேரப்பிள்ளைகளையும் வெப்பமான மாதங்களின் வார இறுதிகளில் படகில் ஏற்றி, அக்கரையில் இறக்கி, பழைய வண்டித்தடத்தின் வழியாக இடுகாட்டின் அடிவாரம் வரை கொண்டுசேர்த்து, மாலையில் திரும்ப அழைத்துவரும் வேலையைத் தேசியப் பூங்கா நிர்வாகம் கட்டணம் வாங்காமல் செய்துவருகிறது. இந்த மதிப்புரை அந்தச் சேவையைப் பற்றியது.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அரசு நடத்தும் சேவைகளுள் இவ்வளவு பொறுமையோடும் மரியாதையோடும் நடத்தப்படும் ஒன்றை நான் வேறெங்கும் கண்டதில்லை. ஆயினும் இதை இலவசச் சேவை என்று அழைக்க எனக்கு மனம் ஒப்பவில்லை. இதற்குரிய விலையை அந்தக் குடும்பங்கள் 1940களிலேயே தங்கள் வீடுகளாகவும் வயல்களாகவும் கொடுத்துவிட்டன. சேவையின் தரத்தை எடைபோட வேண்டுமானால் அந்தக் கணக்கையும் சேர்த்தே பார்க்க வேண்டும் என்பதால், படகில் ஏறுவதற்கு முன் அதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது.

சார்லட், ராலே, அட்லாண்டா நகரங்களில் வாழும் தமிழ்க் குடும்பங்களுக்கு ஸ்மோக்கி மலை புதிதன்று. இலையுதிர் காலத்தில் வண்ணம் பார்ப்பதற்கும், மரவீடு எடுத்துத் தங்குவதற்கும், கரடி கண்ணில் படுமா என்று தேடுவதற்கும் நாம் ஆண்டுதோறும் அங்கே போகிறோம். மனிதக் கை படாத காடு என்றே அதை நினைத்துக்கொள்கிறோம். உண்மையில் அந்தப் பூங்காவின் எல்லைக்குள் ஏறத்தாழ 150 இடுகாடுகள் இருக்கின்றன என்பதும், அங்கிருந்த ஊர்களை வெளியேற்றிய பிறகே அது காடாயிற்று என்பதும் நம்மில் பலருக்குத் தெரியாது. என் பக்கத்து வீட்டில் வசிக்கும் மூதாட்டி ஒருவர் தம் குடும்பத்தோடு என்னையும் அழைத்துச் சென்றிராவிட்டால் எனக்கும் தெரிந்திருக்காது. அவர் கைக்குழந்தையாக இருந்தபோது அவருடைய பெற்றோர் ஏரியின் வடகரையில் உள்ள ஹேசல் ஓடைக் கரையை விட்டு வெளியேறினார்கள். அவருடைய பாட்டியும், அவர் பிறப்பதற்கு முன்பே இறந்துபோன அண்ணன் ஒருவனும் அங்கேயே மண்ணுக்குள் இருக்கிறார்கள்.

1942 ஜனவரியில், அமெரிக்கா இரண்டாம் உலகப்போரில் இறங்கிய சூட்டோடு, லிட்டில் டென்னசி ஆற்றின் குறுக்கே அணை கட்டும் வேலையை டென்னசி பள்ளத்தாக்கு ஆணையம் என்னும் மத்திய அரசு நிறுவனம் தொடங்கியது. போர் விமானங்களுக்கு அலுமினியம் வேண்டும், அலுமினியத்துக்கு மின்சாரம் வேண்டும் என்பதுதான் காரணம். இரவும் பகலும் வேலை நடந்து, 1944 நவம்பரில் மதகுகள் மூடப்பட்டன. 480 அடி உயரமுள்ள அந்த அணைதான் அமெரிக்காவின் கிழக்குப் பகுதியில் இன்றளவும் மிக உயரமானது. அதற்காக 1,311 குடும்பங்கள் இடம்பெயர்ந்தன. 1,047 கல்லறைகள் தோண்டப்பட்டு வேறிடங்களுக்கு மாற்றப்பட்டன. மேட்டூர் அணை நிரம்பியபோது நாயம்பாடியிலும் பண்ணவாடியிலும் நிகழ்ந்ததைக் கேள்விப்பட்டவர்களுக்கு இதன் பாதிக் கதை முன்பே தெரியும்.

மறுபாதிதான் வேறானது. ஹேசல் ஓடை, ஃபார்னி ஓடை, நோலண்ட் ஓடை ஆகியவற்றின் கரைகளில் இருந்த நிலத்தின் பெரும்பகுதி தண்ணீருக்குள் போகவே இல்லை. அந்த ஊர்களை வெளியுலகோடு இணைத்த 288-ஆம் எண் நெடுஞ்சாலைதான் மூழ்கியது. போர்க்காலத்தில் புதுச் சாலை போட ஆளும் இல்லை, பொருளும் இல்லை. ஆகவே சாலை போடுவதை விட ஊர்களைக் காலிசெய்வது எளிது என்று முடிவாகி, ஏரிக்கு வடக்கே ஏறத்தாழ 44,000 ஏக்கர் நிலம் கையகப்படுத்தப்பட்டுத் தேசியப் பூங்காவோடு சேர்க்கப்பட்டது. தண்ணீர் எட்டாத உயரத்தில் இருந்த இடுகாடுகளை என்ன செய்வது என்று கேட்கப்பட்டபோது, பல குடும்பங்கள் தங்கள் முன்னோரை அங்கேயே விட்டுவிட ஒப்புக்கொண்டன. போர் முடிந்ததும் வடகரையில் சாலை போட்டுத் தருவோம் என்று 1943 ஜூலையில் தேசியப் பூங்காக்களைக் கவனிக்கும் மத்திய அரசின் உள்துறை, டென்னசி பள்ளத்தாக்கு ஆணையம், வட கரோலினா மாநிலம், ஸ்வெய்ன் மாவட்டம் ஆகிய நான்கும் கையெழுத்திட்ட ஒப்பந்தத்தை நம்பித்தான் அவர்கள் அதற்கு இசைந்தார்கள்.

சாலை வரவில்லை. ஸ்வெய்ன் மாவட்டத்தின் தலைநகரான பிரைசன் சிட்டி பக்கமிருந்து ஏறத்தாழ ஆறு மைல் நீளத்துக்குத்தான் போடப்பட்டது. 1,200 அடி நீளச் சுரங்கம் ஒன்று மலையைக் குடைந்து கட்டப்பட்டது. அத்தோடு 1970களின் தொடக்கத்தில் வேலை நின்றது. அந்த மலையின் பாறையை உடைத்து வெளியே கொட்டினால், மழைநீர் பட்டு அமிலம் கசிந்து ஓடைகளில் கலக்கிறது என்பது காரணங்களுள் ஒன்றாகச் சொல்லப்பட்டது. அது பொய்யன்று, ஓடைகளின் நன்னீர் மீன்களைக் காக்க வேண்டியதும் நியாயம்தான். பிறகு ஏறத்தாழ நாற்பது ஆண்டு வழக்காடலும் ஆய்வும் நடந்தன. எஞ்சிய சாலையைப் போட ஏறத்தாழ 60 கோடி டாலர் ஆகும் என்று மதிப்பிடப்பட்டது. அதைப் போடுவதில்லை என்று 2007-இல் முடிவாயிற்று. அதற்கு ஈடாக மாவட்டத்துக்கு 5.2 கோடி டாலர் தருவதாக 2010-இல் உடன்படிக்கை ஏற்பட்டு, கடைசித் தவணை 2018-இல்தான் வந்து சேர்ந்தது. பணம் மாவட்டத்துக்குப் போயிற்று. சாலையை எதிர்பார்த்திருந்த குடும்பங்களுக்குப் படகு மட்டும் மிஞ்சியது.

அந்தப் படகும் தானாக வந்துவிடவில்லை. இடம்பெயர்ந்த பிறகு பல ஆண்டுகள் அவரவர் வசதிக்கேற்ப வாடகைப் படகு பிடித்தும், மலைப்பாதையில் நெடுந்தூரம் நடந்தும்தான் மக்கள் தங்கள் கல்லறைகளைப் பார்த்து வந்திருக்கிறார்கள். 1978-இல் ஹெலன் கேபிள் வான்ஸ், மில்ட்ரெட் கேபிள் ஜான்சன் என்னும் சகோதரிகள் முன்நின்று, சிதறிப்போன குடும்பங்களைத் திரட்டி, ஆண்டுதோறும் இடுகாடுகளைச் சென்று அலங்கரிக்கும் வழக்கத்தை மீட்டெடுத்தார்கள். போக்குவரத்துக்குப் பூங்கா நிர்வாகம் பொறுப்பேற்க வேண்டும் என்ற கோரிக்கை அந்தத் திரட்சியிலிருந்து எழுந்தது. ஆகவே இன்று படகில் ஏறும் ஒவ்வொருவரும் அந்தப் பெண்களின் விடாப்பிடியான உழைப்பின் பயனையும் அனுபவிக்கிறார்கள்.

இனி சேவைக்கு வருகிறேன். ஒவ்வோர் இடுகாட்டுக்கும், அல்லது அருகருகே உள்ள இரண்டு மூன்று இடுகாடுகளுக்குச் சேர்த்து, ஆண்டில் ஒரு நாள் குறிக்கப்பட்டிருக்கிறது. அது பெரும்பாலும் ஞாயிற்றுக்கிழமை. அந்த நாளை அவர்கள் ‘டெக்கரேஷன்’ என்று அழைக்கிறார்கள். இந்த இடுகாட்டுக்கு இந்த ஞாயிறு என்பது அங்கே ஊர்த் திருவிழாவின் நாளைப் போல நிலைபெற்றுவிட்ட ஒன்று. தொலைதூர மாநிலங்களில் வேலை பார்ப்பவர்கள்கூட அதற்கேற்ப விடுப்பு எடுத்துக்கொண்டு வருகிறார்கள். குளிர்காலத்தில் சேவை இல்லை. அணையின் தேவைக்காக அப்போது ஏரியின் நீர்மட்டத்தை 50 அடிக்கும் மேலாகக் குறைத்துவிடுவதால், ஓடைமுகங்களில் படகு அணையும் இடங்கள் வெறும் சேற்றுச் சரிவுகளாகிவிடுகின்றன.

கேபிள் கோவ் என்னும் படகுத்துறை ஏரியின் தென்கரையில், 28-ஆம் எண் நெடுஞ்சாலையிலிருந்து காட்டுக்குள் இறங்கும் ஒரு கிளைச் சாலையின் முடிவில் இருக்கிறது. காலையில் நாங்கள் போய்ச் சேர்ந்தபோதே குளிர்பெட்டிகளும், மூடிபோட்ட பாத்திரங்களும், பெரிய அட்டைப்பெட்டிகளில் செயற்கைப் பூக்களும், மண்வெட்டிகளும், வாருகோல்களும் கரையில் வரிசைகட்டி இருந்தன. தட்டையான அடிப்பகுதியும் பக்கக் கம்பிகளும் இருக்கைகளும் உள்ள அகலப் படகு அது. கைத்தடியோடு வருபவர்கள் அச்சமின்றி ஏறலாம். ஏற்றிவிட்டு, இறக்கிவிட்டு, மீண்டும் வந்து அடுத்த கூட்டத்தை ஏற்றிக்கொண்டு போகும் முறை என்பதால், கூட்டமுள்ள நாளில் காத்திருக்கத்தான் வேண்டும். அந்தக் காத்திருப்பை யாரும் குறையாகச் சொல்லவில்லை. அண்ணன் தம்பி வழி உறவுகள் ஆண்டுக்கொருமுறை சந்திக்கும் திண்ணையாக அந்தப் படகுத்துறை இருக்கிறது. முதலில் ஏற வேண்டியவர்கள் முதியவர்கள் என்பதை யாரும் அறிவிக்க வேண்டியிருக்கவில்லை.

படகுப் பயணம் அரை மணிக்குள் முடிந்துவிடுகிறது. ஏரி மிக அழகானது. அந்த அழகைப் பற்றி என் அருகில் அமர்ந்திருந்த மூதாட்டி ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. எந்த வளைவுக்குக் கீழே எந்தப் பள்ளிக்கூடம் இருந்தது, எந்த இடத்தில் சாலை ஆற்றைக் கடந்தது என்று தம் தாய் சொல்லக் கேட்டதை மட்டும் பேரனுக்குக் காட்டிக்கொண்டு வந்தார். தாம் பார்த்த நினைவே இல்லாத ஊரை அவ்வளவு துல்லியமாக அவர் அறிந்து வைத்திருந்தார்.

ஹேசல் ஓடை ஏரியில் கலக்குமிடத்தில் இறங்கியதும் பூங்காவின் வண்டிகள் காத்திருந்தன. அவை போகும் வழித்தடம் ஒரு காலத்தில் மரக் கம்பெனியின் இரயில் பாதையாக இருந்தது. 1910 முதல் 1928 வரை ரிட்டர் மரக் கம்பெனி இந்தப் பள்ளத்தாக்கின் பெருமரங்களை வெட்டி அந்தப் பாதையில்தான் இறக்கியது. அப்போது ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் வாழ்ந்த பிராக்டர் என்னும் ஊரின் எச்சமாக இன்று ஒரு வெள்ளை வீடும், உடைந்த செங்கல் கட்டடங்களும், புதருக்குள் அடித்தளங்களும் நிற்கின்றன. வண்டியின் ஓட்டுநரான பூங்காப் பணியாளர் ஒவ்வொரு வளைவிலும் வேகத்தைக் குறைத்தார். வழியில் ஓரிடத்தில் ஒரு பெரியவர் நிறுத்தச் சொன்னதும் நிறுத்தினார். பெரியவர் இறங்கி, காட்டுக்குள் தெரிந்த ஒரு புகைபோக்கிக் கற்குவியலைப் பார்த்துவிட்டு மீண்டும் ஏறும் வரை யாரும் அவசரப்படுத்தவில்லை. நான் இந்தச் சேவைக்கு முழு மதிப்பெண் தருவது இத்தகைய இடங்களுக்காகத்தான். அட்டவணையில் இல்லாத ஒரு நிறுத்தத்துக்கு அங்கே இடம் இருக்கிறது.

வண்டி எல்லா இடுகாட்டுக்கும் வாசல்வரை போவதில்லை. பெரும்பாலான இடங்களில் கடைசிப் பகுதியை ஏறித்தான் கடக்க வேண்டும். விளைநிலத்தை வீணாக்காமல் மேட்டில் புதைப்பது மலைமக்களின் வழக்கம் என்பதால், அந்த ஏற்றம் சில இடங்களில் மூச்சு வாங்கவைக்கிறது. விழுந்த மரங்களை அறுத்து ஒதுக்கி, புல்லை வெட்டி, பாதையைப் பணியாளர்கள் முன்கூட்டியே சீராக்கி வைத்திருந்தார்கள். இருந்தும் வேர்களும் ஈரமண்ணும் உள்ள காட்டுப்பாதை காட்டுப்பாதைதான். முழங்கால் வலி உள்ளவர்கள் எந்த இடுகாட்டுக்குப் போகிறோம், ஏற்றம் எவ்வளவு என்று முன்பே விசாரித்துக்கொள்வது நல்லது. எங்கள் குழுவில் நடக்க இயலாத ஒருவரை உறவுக்காரப் பிள்ளைகள் நாற்காலியோடு தூக்கிச் சென்றார்கள். இப்படி ஒரு நாளில் மட்டுமே அது இயலும். இருபது கைகள் உதவிக்கு இருக்கும் நாள் ஆண்டில் அது ஒன்றுதான்.

இடுகாட்டில் நான் கண்டதை விரிவாகவே சொல்ல விரும்புகிறேன், ஏனென்றால் சேவை எதற்காக இருக்கிறதோ அது இங்கேதான் நடக்கிறது. முதலில் வேலை. எல்லோரும் சருகு வாரினார்கள். மழையில் அமிழ்ந்துபோன கல்லறைகளின்மேல் மண்ணை அள்ளிப்போட்டு, ஆள் நீளத்துக்கு மேடாக வரப்புப்போல் உயர்த்தினார்கள். கல்லறைகள் எல்லாம் கிழக்கு நோக்கிக் கால் நீட்டியவை. உயிர்த்தெழும் நாளில் எழுந்து நிற்பவர்கள் உதயத்தைப் பார்த்து நிற்க வேண்டும் என்பது அவர்களின் நம்பிக்கை. பெயர் பொறித்த பளிங்குக் கற்கள் சில உண்டு. மிகப் பலவற்றுக்கு ஓடையிலிருந்து எடுத்து வந்து நட்ட வெறுங்கல்தான் அடையாளம். தலைமாட்டில் ஒன்று, கால்மாட்டில் ஒன்று. இரண்டுக்கும் இடையே ஒரு முழமே இருந்தால் அது குழந்தை. அப்படிப்பட்ட சிறு இடைவெளிகளை நான் எண்ணத் தொடங்கி, பாதியில் நிறுத்திவிட்டேன்.

பிறகு பூக்கள். முற்காலத்தில் வண்ணத்தாளில் பூச்செய்து, மழைக்குத் தாங்கும்படி மெழுகில் தோய்த்து வைத்தார்களாம். இப்போது துணிப்பூவும் பிளாஸ்டிக் பூவும்தான். எனக்கு முதலில் அந்த நிறங்கள் காட்டின் நடுவே உறுத்தலாகத்தான் பட்டன. ஆனால் ஒரு கல்லறையும் விடுபடாமல், யாருடையது என்று தெரியாத வெறுங்கல்லுக்கும் ஒரு கொத்து வைக்கப்படுவதைக் கண்ட பிறகு அந்த எண்ணம் போய்விட்டது. உறவு அற்றுப்போன கல்லறை என்று அங்கே எதுவும் இல்லை. ‘இவருக்கு யாரும் வரவில்லை’ என்று ஒரு சிறுமி சொன்னதும், அவள் கையிலேயே பூவைக் கொடுத்து வைக்கச் சொன்னார்கள்.

அடுத்துப் பாட்டும் ஜெபமும் ஒரு சிறு உரையும். இசைக்கருவி இல்லை. பெரும்பாலோர் பாப்டிஸ்ட் சபையினர். இறந்தவர்களின் ஆன்மாவுக்காக வேண்டிக்கொள்ளும் வழக்கம் அவர்களிடம் இல்லை. இறந்தவர்களை நினைவுகூர்ந்து, இருப்பவர்களுக்காகத்தான் வேண்டுகிறார்கள். நவம்பர் 2-ஆம் நாள் கல்லறைத் திருநாளைத் தமிழகக் கத்தோலிக்கர்கள் கொண்டாடுவதை அறிந்தவர்களுக்கு, பூவும் துப்புரவும் பழகியவையாகத் தோன்றினாலும், இந்த வேறுபாடு புலப்படும். பிறகு அங்கேயே பந்தி. பொரித்த கோழி, பிஸ்கட் என்று அவர்கள் அழைக்கும் மென்மையான ரொட்டி, அவித்த முட்டை, உருளைக்கிழங்குக் கலவை, வாழைப்பழப் புட்டிங், இனிப்புத் தேநீர். இடுகாட்டிலிருந்து திரும்பினால் தலைமுழுகிவிட்டே வீட்டுக்குள் நுழையும் வழக்கத்தில் வளர்ந்த எனக்கு, கல்லறைகளின் பக்கத்தில் உட்கார்ந்து உண்பது எளிதாக இருக்கவில்லை. மூதாட்டி தம் பாட்டியின் மேட்டுக்கு அருகே விரிப்பைப் போட்டு, ‘இங்கே உட்காருங்கள், இவர் விருந்தாளியை நிற்கவைத்தவர் அல்ல’ என்றார். உட்கார்ந்து சாப்பிட்டேன்.

ஹிக்டன் இடுகாட்டைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். அதன் எல்லைக்குச் சற்று வெளியே தனித்துக் கிடக்கும் ஒரு கல்லறையின் கல்லில் பெயர் இல்லை. ‘ஒரு கறுப்பின மனிதர்’ என்று மட்டும் பொறிக்கப்பட்டிருக்கிறது. முதல் உலகப்போரின் முடிவில் பரவிய விஷக்காய்ச்சலில் ஊரே படுத்துவிட்டபோது, நோயாளிகளைப் பார்த்துக்கொண்டு, இறந்தவர்களைப் புதைத்து, கடைசியில் தாமும் அதே காய்ச்சலில் இறந்தவர் அவர் என்று சொல்லப்படுகிறது. இறந்த பிறகும் அவரை வேலிக்கு உள்ளே சேர்க்கவில்லை. பெயரையும் எழுதி வைக்கவில்லை. அக்கரைக் கல்லறைகளின் கதையை இழந்தவர்களின் கதையாக மட்டும் சொல்வது முறையாகாது. ஊர் இழந்த இந்த மக்களின் முன்னோர் குடியேறிய மலைகள் செரோக்கி மக்களுடையவை. 1838-இல் படைகளைக் கொண்டு செரோக்கி மக்களைப் பெருங்கூட்டமாக மேற்கே துரத்திய வரலாறு இதே மலைகளில்தான் நடந்தது. நம் ஊர்களிலும் ஒரே இறப்புக்கு இரண்டு இடுகாடுகள் இருப்பதை அறிந்த எவரும் அந்தத் தனிக்கல்லின் முன் சற்று நேரம் நிற்காமல் வர முடியாது.

சேவையின் தன்மையைப் பற்றி எங்கள் குழுவிலேயே ஒரு கருத்து வேறுபாடு எழுந்தது. அதை இங்கே பதிவுசெய்வது அவசியம். இளையவர் ஒருவர், சாலை போடாமல் போனதே நல்லது என்றார். சாலை இருந்திருந்தால் அவரவர் தோன்றிய நாளில் காரில் வந்து பத்து நிமிடம் நின்றுவிட்டுப் போயிருப்பார்கள். படகு ஒன்றுதான் வழி என்பதால் அல்லவா இத்தனை பேர் ஒரே நாளில் கூடுகிறோம் என்பது அவர் வாதம். அதில் உண்மை இருக்கிறது. இந்த மலைகளின் பிற பகுதிகளில் இத்தகைய நாட்கள் தேய்ந்துவரும்போது, வடகரையில் மட்டும் அவை உயிரோடிருப்பதற்குத் தடையும் ஒரு காரணம் என்றே எனக்கும் தோன்றுகிறது. காட்டுக்கும் ஓடைக்கும் சாலை இல்லாததே நலம் என்பதையும் மறுக்க முடியாது.

மூதாட்டி அதை ஏற்கவில்லை. ‘என் அம்மா இறந்த மறுநாள் பாட்டியிடம் வந்து சொல்ல வேண்டும் என்று நினைத்தேன். அது ஜனவரி மாதம்’ என்றார். அவ்வளவுதான் சொன்னார். நான் அவர் பக்கம். இந்தச் சேவையின் ஒரே பெரிய குறை, அதை நடத்துபவர்களால் தீர்க்க இயலாத குறை, இதுதான்: துக்கமும் ஏக்கமும் வரும் நாளை யாரும் முன்கூட்டி அட்டவணை போட முடியாது. குறித்த ஞாயிற்றில் மழையும் காற்றும் வந்தால் ஓராண்டு போய்விடும். அன்று உடல்நலம் இல்லாமற் போனால் ஓராண்டு போய்விடும். எண்பதைத் தாண்டியவர்களுக்கு ஓராண்டு என்பது எளிதில் தள்ளிப்போடக்கூடியது அல்ல. வடகரையில் பிறந்து அங்கிருந்து வெளியேறியவர்களுள் இன்று எஞ்சியிருப்போர் எல்லோரும் அந்த வயதைக் கடந்தவர்கள்தாம். அவர்கள் உயிரோடிருக்கும் காலத்திலாவது, குறித்த நாள் தவறியவர்களுக்கென்று ஆண்டில் இன்னும் சில நாட்கள் படகு ஒதுக்கப்பட்டால் அது பெரிய செலவாக இருக்காது என்று கருதுகிறேன்.

போக நினைப்பவர்களுக்குச் சில குறிப்புகள். அந்த ஆண்டின் அட்டவணையைப் பூங்கா நிர்வாகத்திடம் கேட்டு உறுதிசெய்துகொள்ளுங்கள். நாள் பழையதாகவே இருந்தாலும் படகின் நேரம் மாறலாம். இது சுற்றுலாப் படகன்று. அங்கே உறவு இல்லாத நம்மைப் போன்றவர்கள், குடும்பத்தார் ஒருவர் அழைத்தாலன்றிப் போகாமலிருப்பதும், அழைத்தால் தட்டாமல் போவதும் பொருத்தம். சாவு வீட்டுக்குப் போகும் அடக்கத்தோடும், கல்யாண வீட்டுக்குப் போவதுபோல் கையில் ஒரு பாத்திரம் உணவோடும் போங்கள். நான் எடுத்துச் சென்ற எலுமிச்சைச் சாதம் முதலில் தயக்கத்தோடு பார்க்கப்பட்டு, பிறகு மிச்சமின்றித் தீர்ந்தது. குடிநீர், மழைச்சட்டை, பிடிப்புள்ள காலணி, வழக்கமான மருந்துகள் ஆகியவை கட்டாயம். அக்கரையில் கைப்பேசி வேலை செய்யும் என்று நம்ப வேண்டாம். படம் எடுப்பதற்கு முன் கேளுங்கள். கேட்டால் பெரும்பாலும் அவர்களே கல்லறையின் பக்கத்தில் நின்று, இவர் இன்னார், இவருக்கு நான் இன்ன முறை என்று சொல்லி எடுக்கச் சொல்வார்கள். வெறுங்கற்களை நகர்த்தவோ அவற்றின்மேல் உட்காரவோ கூடாது என்பதைக் குழந்தைகளுக்கு முன்பே சொல்லிவைக்க வேண்டும். காட்டில் கிடக்கும் சாதாரணக் கல்லாகவே அவை கண்ணுக்குத் தெரியும்.

டெக்கரேஷன் நாளைத் தவறவிட்டவர்களுக்கும், தனியாகப் போக விரும்புபவர்களுக்கும் வேறு வழிகள் இரண்டு. ஃபாண்டானா படகுத்துறையிலிருந்து ஹேசல் ஓடைக்குக் கட்டணப் படகு கிடைக்கிறது. ஆனால் அக்கரையில் வண்டி இருக்காது. பிராக்டர் இடுகாடு இறங்குதுறைக்கு அருகில் இருப்பதால், நடக்கக்கூடியவர்கள் அதை ஒரே பகலில் பார்த்துத் திரும்பலாம். 1830 வாக்கில் இந்தப் பள்ளத்தாக்கில் முதலில் குடியேறியவராகக் கருதப்படும் மோசஸ் பிராக்டரின் கல்லறை அங்கேதான் இருக்கிறது. எலும்புப் பள்ளத்தாக்கு போன்ற உள்ளிடங்களுக்குப் போய்வர ஒரு பகல் போதாது. அனுமதி பெற்றுக் காட்டில் இரவு தங்கத் தயாராக வேண்டும். மற்றொரு வழி பிரைசன் சிட்டி பக்கம் பாதியில் நின்ற அந்தச் சாலை. நோலண்ட் ஓடையை ஒட்டிய சில இடுகாடுகளுக்கு அங்கிருந்து நடந்தே போகலாம். சுரங்கத்துக்குள் விளக்கு கிடையாது. கைவிளக்கு இல்லாமல் முதியவர்களை அதற்குள் அழைத்துச் செல்ல வேண்டாம்.